வளைவுக்கு முன்னாலேயே வேகம் குறைய வேண்டும்: மலைப் பாதையோரம் வாழ்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காலை 6.45 மணிக்கு எங்கள் கோயிலுக்குக் கீழே உள்ள வளைவில் நின்று பார்த்தால் தெரியும். பிள்ளைகள் கானோரமாக (வடிகால் ஓரமாக) ஒற்றை வரிசையில் பாடசாலைக்கு நடந்து போவார்கள். மழை நாளென்றால் ஒரு குடைக்குள் இரண்டு பேர். மேலேயிருந்து பஸ் இறங்கும்போது முதலில் வருவது ஹோர்ன் சத்தம்தான். அதைக் கேட்டவுடன் எல்லாரும் கானைத் தாண்டி மண்மேட்டில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். பஸ் போன பிறகு சின்னப் பிள்ளைகளைக் கைபிடித்துத் தூக்கி மறுபடியும் பாதைக்கு விடுவார்கள் பெரிய பிள்ளைகள். இதை யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பயம் சொல்லிக் கொடுத்தது.

அந்த வளைவில் 'மெதுவாகச் செல்லவும்' என்று ஒரு பலகை இருக்கிறது. நான் சிறுவனாக இருந்த காலத்திலிருந்தே இருக்கிறது. அதைப் படித்துவிட்டு வேகத்தைக் குறைத்த ஒரு சாரதியை நான் கண்டதில்லை. ஆனால் வருடத்தில் சில நாட்கள் மட்டும் எல்லா வாகனமும் அங்கே மெதுவாகப் போகும். திருவிழாவுக்காகப் பாதையின் இரண்டு பக்கமும் வாழை மரம் கட்டி, மேலே மாவிலைத் தோரணம் போடும் நாட்கள் அவை. அப்போது யாரும் பலகை பிடிப்பதில்லை, பொலிஸும் நிற்பதில்லை. பாதை ஒடுங்கிப்போனது போல ஒரு தோற்றம், பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு. அவ்வளவுதான், சாரதியின் கால் தானாகவே எழும்புகிறது.

இந்தக் கட்டுரை அந்த வாழை மரத்தைப் பற்றியதுதான். சாரதியைத் திட்டாமல், தண்டம் எழுதாமல், பாதையின் தோற்றத்தாலேயே அவரை மெதுவாகப் போக இணங்க வைப்பது எப்படி? இலங்கை மலையகத்தின் பாதையோரத் தோட்டங்களில், லயன்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்), சிறு டவுன்களில் இருக்கும் கோயில் கமிட்டிகள், பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள், இளைஞர் கழகங்கள் இதை எங்கிருந்து தொடங்கலாம்? பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. அளவு நாடா, கைபேசி, கொஞ்சம் பொறுமை போதும்.

ஏன் இவ்வளவு அவசரம்

2021 மார்ச்சில் பசறை 13ஆம் கட்டையில் (மைல்கல்லில்) பஸ் பள்ளத்தில் விழுந்து குறைந்தது 14 பேர் இறந்தார்கள். 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்ல குறுக்குப் பாதையில் பஸ்ஸும் வானும் ஓட்டோவும் மோதி 7 பேர். 2025 மே மாதம் கொத்மலை கெரண்டியெல்லவில் 20க்கும் மேற்பட்டோர். அதே வருடம் செப்டம்பரில் எல்ல - வெல்லவாய வீதியில் 15 பேர். ஒவ்வொரு விபத்துக்கும் காரணம் வேறு வேறு. எல்லாவற்றுக்கும் வேகம்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். பிரேக் இல்லாத வண்டியை எந்தக் கோடும் நிறுத்தாது. ஆனால் செய்தியில் வராத விபத்துகள் நம் வளைவுகளில் தினமும் நடக்கின்றன. கால் உடைந்த பிள்ளை, கானுக்குள் சரிந்த ஓட்டோ, வேலியை உடைத்துக்கொண்டு தேயிலைக்குள் இறங்கிய வான். அவற்றில் பெரும்பாலானவற்றில் 10 கி.மீ. வேகம் குறைந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

கணக்கைப் பார்த்தால் இது புரியும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வரும் வாகனம் ஒரு வினாடியில் ஏறத்தாழ 14 மீட்டர் ஓடிவிடும். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்கில் பதிய ஒன்றரை வினாடி என்று வைத்துக்கொண்டால், பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே 21 மீட்டர் போய்விட்டது. ஈரமான இறக்கத்தில் முழுதாக நிற்க மொத்தம் 50 மீட்டர் அளவு வேண்டும். 30 கி.மீ. வேகமென்றால் அதே இறக்கத்தில் 24 மீட்டர் போதும். மோதினாலும் வித்தியாசம் பெரிது. 30இல் மோதுவது மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஒரு லயன் கூரையிலிருந்து விழுவதற்குச் சமம். 50இல் மோதுவது மூன்று மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர் போகும் விபத்துக்கான அபாயம் 4 சதவீதம் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதைத் திருப்பிப் பாருங்கள்: சின்னக் குறைப்புக்கும் பெரிய பலன் உண்டு. நாம் கேட்பது சாரதியிடமிருந்து இரண்டு மூன்று வினாடிகளை மட்டும்தான்.

சாரதியின் கால் எதைக் கேட்கிறது

நம் பாதைகள் குண்டும் குழியுமாக இருந்த காலத்தில் குழிகளே வேகத்தைக் கட்டுப்படுத்தின. கார்பட் (புதுத் தார்) போட்ட பிறகு பாதை அகலமாக, வழுவழுப்பாக இருக்கிறது. சாரதிக்கு ஸ்பீடோமீட்டரைப் பார்க்க நேரமில்லை. கண்ணின் ஓரத்தில் மரங்களும் கற்களும் எவ்வளவு வேகமாகப் பின்னால் போகின்றன என்பதை வைத்துத்தான் தன் வேகத்தை உணர்கிறார். அகலமான வெறும் பாதையில் 60 கூட மெதுவாகத் தெரியும். பக்கத்தில் வேலியும் மரமும் நெருங்கி நின்றால் 35கூட வேகமாகத் தெரியும். நீண்ட நேர்ப்பாதையில் வேகமாக வந்தவருக்கு, திடீரென 40க்குக் குறைத்தால் வண்டி ஊர்வது போல இருக்கும். அதனால்தான் தலவாக்கலைப் பக்கம் கொஞ்சம் நேராக ஓடும் பாதை முடிந்து வரும் முதல் வளைவு, வளைவுக்குமேல் வளைவாக வரும் ரம்பொடையை விட மோசமாக இருக்க முடியும்.

இதைப் பயன்படுத்திக்கொள்ளும் முறை புதியது அல்ல. 1970களிலேயே பிரிட்டனில் சுற்றுவட்டங்களுக்கு முன்னால் பாதைக்குக் குறுக்கே மஞ்சள் கோடுகள் போட்டுப் பார்த்தார்கள். சுற்றுவட்டம் நெருங்க நெருங்கக் கோடுகளுக்கு இடையிலான தூரம் குறையும். அதே வேகத்தில் வந்துகொண்டிருந்தாலும் கோடுகள் வேகமாக வருவதால், வண்டி வேகமெடுப்பது போன்ற உணர்வு வரும். கால் எழும்பும். 2006இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில், ஏரிக்கரை வீதியின் ஆபத்தான வளைவொன்றில் இதே முறையில் வெள்ளைக் கோடுகள் போட்டார்கள். அடுத்த ஆறு மாதத்தில் விபத்து 36 சதவீதம் குறைந்ததாக நகர அதிகாரிகள் கணக்குக் காட்டினார்கள். ஒரே இடத்தில் ஆறு மாதக் கணக்கு என்பதால் அந்த எண்ணை நான் முழுதாக நம்பிவிட மாட்டேன். விபத்துகள் ஒரு வருடம் கூடும், ஒரு வருடம் தானாகக் குறையும். ஆனால் முறை சரியானது. நமக்குக் கட்டுப்படியாகும் செலவும்கூட.

முதல் வேலை: வளைவை அளப்பது

பெயின்ட் வாங்கப் போகாதீர்கள். முதலில் அளக்க வேண்டும். இதைச் செய்யாமல் தொடங்கும் குழுக்கள் எல்லாம் கடைசியில் 'குறைந்த மாதிரித்தான் இருக்கு' என்று சொல்லி நிற்கும். அந்தப் பேச்சை எந்த அலுவலகமும் காதில் வாங்காது.

வளைவுக்கு மேலே, வாகனம் இறங்கி வரும் நேர்ப்பகுதியில் 50 மீட்டரை நாடாவால் அளந்து, தொடக்கத்திலும் முடிவிலும் ஓரத்துக் கல்லில் சோக்கால் குறி வையுங்கள். வாகனத்தின் முன்சக்கரம் முதல் குறியைத் தொடும்போது கைபேசியின் ஸ்டாப்வாட்ச்சை அழுத்துங்கள். இரண்டாவது குறியைத் தொடும்போது நிறுத்துங்கள். பிறகு 180ஐ அந்த வினாடிகளால் வகுத்தால் மணிக்கு எத்தனை கி.மீ. என்று வந்துவிடும். 6 வினாடி என்றால் 30. நாலரை வினாடி என்றால் 40. 3.6 வினாடி என்றால் 50. நேர்ப்பகுதி சிறியதாக இருந்தால் 25 மீட்டர் எடுத்துக்கொண்டு 90ஐ வகுக்கலாம், ஆனால் கை தடுமாறினால் பிழை இரண்டு மடங்காகும்.

மலைநாட்டில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. பாதைக்கு மேலே தேயிலை மலையில் பத்துப் படி ஏறினால் இரண்டு குறிகளும் ஒரே பார்வையில் தெரியும், சாரதிக்கு நாம் தெரிய மாட்டோம். இது முக்கியம். பேப்பரும் கையுமாகப் பாதையோரத்தில் நின்றால் எல்லாரும் மெதுவாகத்தான் போவார்கள், நீங்கள் அளப்பது உங்கள் சொந்த நிழலைத்தான்.

முன்னால் வேறு வண்டி இல்லாமல் சுயமாக வரும் வாகனங்களை மட்டும் எடுங்கள். பஸ், லொறி, வான், கார், ஓட்டோ, மோட்டார் சைக்கிள் என்று வகை எழுதுங்கள். பாடசாலை நேரம், மதியம், மாலை, சனிக்கிழமை என்று பிரித்து 100 வாகனமாவது சேருங்கள். பிறகு வேகத்தைக் குறைந்ததிலிருந்து கூடியது வரை வரிசைப்படுத்தி, 100 வாகனமென்றால் 85ஆவது எண்ணைப் பாருங்கள்: 85 வாகனங்கள் அந்த வேகத்திலோ அதற்குக் கீழோ போகின்றன என்று அர்த்தம். போக்குவரத்துப் பொறியியலாளர்கள் சராசரியை விட இந்த எண்ணைத்தான் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள். பாதைக்குப் பொறுப்பான அலுவலகத்துக்கு நீங்கள் எழுதப்போகும் கடிதத்தில் அந்த ஒரு எண் இருந்தாலே பேசும் விதம் மாறும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு: குடியிருப்புப் பகுதியில் சட்ட எல்லை பொதுவாக 50, ஓட்டோவுக்கு 40. ஆனால் பிள்ளைகள் நடக்கும் வளைவுக்கு 50 என்பதும் அதிகம்தான். ஆட்களும் வாகனமும் கலந்து போகும் இடங்களில் 30தான் பொருத்தம் என்று 2020இல் ஸ்டொக்ஹோமில் நடந்த உலக மாநாடும் சொன்னது.

ஆனால் வாகன இலக்கத்தை ஒருபோதும் எழுதாதீர்கள். நாங்கள் முதல் நாள் அளந்துகொண்டிருந்தபோது ஒரு பஸ் சாரதி எப்படியோ எங்களைக் கண்டுவிட்டு, அடுத்த ஹோல்ட்டில் பஸ்ஸை நிறுத்தி இறங்கி வந்தார். "என்ன தம்பி, பொலிஸுக்கு எழுதிக் குடுக்கவா?" என்று கேட்டார். தாளை அப்படியே அவர் கையில் கொடுத்தோம். "இல்லண்ணே, பாருங்க, ஒரு நம்பரும் இல்ல. வளைவுலதான் பிழை, உங்கமேல இல்ல" என்றோம். மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவரே, மழை நாளில் எந்த இடத்தில் வண்டி வழுக்கும், எந்த மரத்தால் எதிரே வருவது தெரியவில்லை என்று கையைக் காட்டிச் சொல்லத் தொடங்கினார். ஒரு மாதம் அளந்தாலும் எங்களுக்குத் தெரிந்திராத விஷயம் அது. அந்த மரக்கிளையை வெட்டச் சொல்லித்தான் முதல் கடிதம் போனது.

பாதை யாருடையது

ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. ஹட்டன் வழியாக நுவரெலியாவுக்குப் போகும் ஏ7, கம்பளை - ரம்பொடை - வெலிமடை வழியாக ஓடும் ஏ5 இரண்டும் அதில் சேரும். சி, டி வகை மாகாண சபையின் வீதி நிர்வாகத்துக்கு. சிறு வீதிகள் பிரதேச சபைக்கு. தோட்டத்துக்குள் ஓடும் பாதை பெரும்பாலும் தோட்ட நிர்வாகத்துக்கு. 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டதால் தோட்டப் பகுதிக்கும் பிரதேச சபை செலவு செய்யலாம். "அது தோட்டத்து விஷயம்" என்று திருப்பி அனுப்பினால் இதை நினைவுபடுத்துங்கள்.

அனுமதி இல்லாமல் எந்த வீதியிலும் எதையும் வரையாதீர்கள், நடாதீர்கள். கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம், அது உங்கள் உரிமை. கூடவே ஒரு சிங்களப் பிரதியும் வைத்தால் வேலை வேகமாக நடக்கும். கட்டை இலக்கம், படங்கள், அளந்த பட்டியல், கிராம உத்தியோகத்தரின் கையெழுத்து, போக்குவரத்துப் பொலிஸுக்கு ஒரு பிரதி. இவ்வளவும் ஒரே உறையில் போகட்டும்.

கோடுகள்

பாதையின் முழு அகலத்துக்கும் கோடு போடச் சொல்லாதீர்கள். மழையில் பெயின்ட் வழுக்கும், நம் ஊரில் மழை பெய்யாத மாதம் குறைவு. மோட்டார் சைக்கிள் சாயும் இடத்தில் வழுக்கும் கோடு போடுவது ஆபத்து. அமெரிக்க வீதிகளில் இதற்கு ஒரு நல்ல மாற்று இருக்கிறது. இறங்கி வரும் பக்கத்தின் இரண்டு ஓரத்திலிருந்தும் உள்ளே 45 சென்டிமீட்டர் நீளத்துக்கு மட்டும், 30 சென்டிமீட்டர் அகலத்தில் குட்டிக் கோடுகள். நடுப்பகுதி வெறுமையாக இருக்கும். சக்கரம் பெரும்பாலும் கோட்டில் ஏறாது, ஆனால் கண் ஓரத்தில் கோடுகள் ஓடும். ஏணியின் நடுவை வெட்டி எடுத்தது போல இருக்கும்.

இடைவெளிக்கு ஒரு எளிய கணக்கு. 50இல் வரும் வாகனம் அரை வினாடியில் 7 மீட்டர் போகும், 30இல் வருவது 4 மீட்டர் போகும். ஆகவே முதல் இடைவெளி 7 மீட்டர். அடுத்தது 6.75. அதற்கடுத்தது 6.5. இப்படி ஒவ்வொன்றுக்கும் 25 சென்டிமீட்டர் குறைத்துக்கொண்டே போய் 4 மீட்டரில் முடியுங்கள். மொத்தம் 14 சோடிக் கோடுகள், 13 இடைவெளிகள், நீளம் 71.5 மீட்டர். 50இலிருந்து 30க்கு இறங்கி வருபவருக்கு அரை வினாடிக்கு ஒரு கோடு, தாளம் தப்பாது. குறைக்காமல் வருபவருக்குத் தாளம் துரிதமாகும், தவில்காரர் காலம் மாற்றுவது போல. அந்தத் துரிதம்தான் அவர் காலை எழுப்பும்.

கடைசிக் கோடு வளைவு தொடங்குவதற்கு ஏறத்தாழ 20 மீட்டர் முன்னால் முடிய வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். வேகம் நேர்ப்பகுதியில் குறைய வேண்டும். வளைவுக்குள் போன பிறகு பிரேக் அடிக்க வைத்தால், ஈர நாளில் வண்டி வெளிப்பக்கம் இழுக்கும். வெளிப்பக்கம் என்றால் நம் ஊரில் பள்ளம்.

சுவருக்கு அடிக்கும் பெயின்ட் ஒரு மழைக்காலம் தாங்காது. வீதிக் குறியீட்டுக்கான பெயின்ட்தான் வேண்டும், ஈரம் காயும் முன் மேலே கண்ணாடித் துகள் தூவினால் இரவில் வெளிச்சம் பட்டுத் திரும்பும். 14 சோடிக்கும் சேர்த்துப் பரப்பு 4 சதுர மீட்டருக்குள்தான், ஆகவே இரண்டு பூச்சுக்கும் 4 லீட்டர் டின் ஒன்று போதும்.

ஓரங்கள், வாசல்கள்

தோட்டப் பாதைகளில் வளைவோரம் வெள்ளையடித்த கற்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பழைய ஆட்கள் செய்த நல்ல வேலை. இரவிலும் பனிமூட்டத்திலும் பாதை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அந்தக் கற்கள்தான் சொல்லும். இப்போது பல இடங்களில் பாசி பிடித்து, புல் மூடிக் கிடக்கின்றன. பாசியைச் சுரண்டி, புல்லை வெட்டி, மறுபடியும் வெள்ளையடிப்பதுதான் மலிவான முதல் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். புதிதாக வைப்பதாக இருந்தால் பெரிய கல் வேண்டாம், மோதினால் அதுவே ஆளைக் கொல்லும். பி.வி.சி. குழாயை நட்டு, ஒரு மீட்டர் உயரத்தில் ஒளி திருப்பும் பட்டி ஒட்டுங்கள். வளைவை நெருங்க நெருங்கக் குழாய்களையும் நெருக்கமாக நடுங்கள். கோடுகள் செய்யும் அதே வேலையை இவை பனியிலும் செய்யும்.

அப்புறம் வாசல். ஊர் தொடங்கும் இடம் ஊர் போலத் தெரிய வேண்டும். இரண்டு பக்கமும் சமமாக வேலியோ பூச்செடியோ இருந்தால், பாதை உண்மையில் ஒடுங்காவிட்டாலும் ஒடுங்கியது போல இருக்கும். திருவிழா வாழை மரம் செய்த வேலை இதுதான். செடியை இடுப்புக்கு மேல் வளர விடாதீர்கள், அதற்குப் பின்னால் பிள்ளை மறைந்துவிடும்.

வளைவில் கோயில் இருந்தால் அது பெரிய துணை. ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையாரிடம் நின்று கும்பிடாமல் போகும் சாரதிகள் குறைவு. நம் பாதைகளிலும் சிறு கோயிலைக் கண்டால் ஒரு கையால் நெஞ்சைத் தொட்டு, வேகத்தைக் குறைத்து, உண்டியலில் காசு போட்டுப் போகும் பஸ்காரர்கள் இருக்கிறார்கள். சிங்களச் சாரதிகளும்தான். அந்தப் பழக்கத்தை மதித்து, கோயிலுக்கு முன் பாதுகாப்பாக ஒதுங்கி நிற்க இடம் விட்டு, நல்ல விளக்கு ஒன்று போடுங்கள். வளைவின் உள்ளே நிற்க வைத்துவிடக் கூடாது. உண்டியல் வளைவிலேயே இருந்தால் கமிட்டியிடம் பேசி நேர்ப்பகுதிக்கு மாற்றுங்கள்.

பலகை வைப்பதென்றால்

14 மீட்டர் ஒரு வினாடி என்பதை மறக்காதீர்கள். சாரதிக்குக் கிடைப்பது இரண்டு வினாடி, மூன்று நான்கு சொல். 'வாழ்க்கை அழகானது, அவசரம் வேண்டாம்' போன்ற வசனங்களைப் படிக்கும் நேரத்தில் அவர் பாதையைப் பார்க்கட்டும். காரணத்தையும் தூரத்தையும் சொல்லுங்கள்: 'பாடசாலை 200 மீ.' நுவரெலியா சீசனுக்கும் எல்ல பார்க்கவும் வருபவர்கள் பெரும்பாலும் பாதை தெரியாத வெளியூர்ச் சாரதிகள். ஆகவே படம் பெரிதாக, சிங்களமும் தமிழும் தெளிவாக இருக்கட்டும். 'குறைந்த கியர்' என்ற பலகை இறக்கத்தின் தலையில் நிற்க வேண்டும், வளைவில் அல்ல. நியூட்ரலில் விட்டுக்கொண்டோ, ஐந்து கிலோமீட்டர் பிரேக்கை மட்டும் நம்பியோ வந்து, பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போன பிறகு வளைவில் பலகையைப் படித்து என்ன பயன்?

எனக்கு மிகவும் பிடித்த பலகை வேறு. 1980இல் வெளிவந்த ஒரு கனடிய ஆய்வில், டார்ட்மவுத் நகர வீதியொன்றில் 'கடந்த வாரம் வேகத்தை மீறாத சாரதிகள் இத்தனை சதவீதம்' என்று எழுதி வைத்து, எண்ணை அவ்வப்போது மாற்றினார்கள். வேகமாகப் போகிறவர்கள் குறைந்தார்கள். மற்றவர்கள் ஒழுங்காகப் போகிறார்கள், நான் மட்டும் ஏன் என்ற எண்ணம்தான் அங்கே வேலை செய்தது. இதற்குக் கரும்பலகையும் சோக்கும் போதும், அளக்க உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். எண் உண்மையாக இருக்க வேண்டும், வாரா வாரம் மாற வேண்டும். பொய் எண் போட்டால் தினமும் ஓடும் ஓட்டோக்காரர் இரண்டாம் வாரமே கண்டுபிடித்துவிடுவார். பாதியளவு பேர் மீறுகிற இடத்தில் இந்தப் பலகையை வைக்கவே வேண்டாம். எல்லாரும் மீறுகிறார்கள் என்று நீங்களே விளம்பரம் செய்தது போலாகிவிடும். கோடும் குழாயும் வேலை செய்து எண் நல்லபடியாக வந்த பிறகு வையுங்கள்.

செய்யக்கூடாத இரண்டு

முதலாவது, நீங்களாகப் போடும் ஹம்ப் (வேகத்தடை மேடு). எங்கள் பாதையில் ஒரு பிள்ளை அடிபட்ட வாரம் ஆத்திரத்தில் நாங்கள் இளைஞர்கள் சேர்ந்து இரவோடு இரவாக சீமெந்து குழைத்து ஒரு மேடு போட்டோம். அடையாளக் கோடும் இல்லை, முன்னறிவிப்பும் இல்லை. அடுத்த மாதம் பனி இறங்கிய ஒரு இரவில் மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் அதில் ஏறி விழுந்தார். பக்கத்துத் தோட்டத்து ஆள், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். தோள் எலும்பு உடைந்து மாதக்கணக்கில் வேலைக்குப் போகவில்லை. மேட்டை நாங்களே அலவாங்கால் உடைத்து எடுத்தோம். அவர் வீட்டுக்குப் போய் நின்றபோது அவர் மனைவி ஒன்றும் பேசாமல் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். அந்த நாளிலிருந்துதான் நான் இந்த விஷயத்தை ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன்.

இரண்டாவது, சாரதியைத் திடுக்கிட வைக்கும் எதுவும். பாதையில் கட்டை மிதப்பது போலத் தோன்றும் முப்பரிமாணப் பாதசாரிக் கடவைகளைப் பல நாடுகளில் வரைந்திருக்கிறார்கள், படங்களில் அழகாக இருக்கும். சமதரையில் அது சரியாக இருக்கலாம். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம், நடுவில் ஈரம் என்ற இடத்தில் ஒரு சாரதி பயந்து ஸ்டியரிங்கை வெட்டினால் என்ன ஆகும்? இங்கே நாம் செய்வது எதுவும் முன்கூட்டியே தெரிய வேண்டும், மெல்ல மெல்ல வர வேண்டும், உண்மையைச் சொல்ல வேண்டும். வளைவு உண்மையில் ஆபத்தானது. அதை விடப் பெரிய பொய்யான ஆபத்து எதையும் வரைய வேண்டியதில்லை.

சாரதிகளோடு

தினமும் போகும் சாரதிக்குக் கோடு சில மாதத்தில் பழகிவிடும். அதனால் மனிதத் தொடர்பு வேண்டும். ஆயுத பூசைக்கு ஓட்டோ தரிப்பிடத்தில் வண்டிகளுக்கு மாலை போட்டு, பொட்டு வைத்து, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைக்கும் நாள்தான் பேசச் சரியான நாள். அன்று எல்லாச் சாரதிகளும் ஒரே இடத்தில் இருப்பார்கள், மனமும் மென்மையாக இருக்கும். உரை நிகழ்த்தாதீர்கள். அளந்த தாளைக் காட்டுங்கள், பிள்ளைகள் நடக்கும் நேரத்தைச் சொல்லுங்கள், 'காலை 6.30 முதல் 7.30 வரை இந்த வளைவில் 30' என்று அவர்களே சங்கமாக ஒப்புக்கொள்ளட்டும். தாங்களே சொன்ன சொல்லை ஆட்கள் லேசில் மீறுவதில்லை. பஸ் சாரதி, நடத்துனர்களோடு டிப்போவிலோ தரிப்பிடத்திலோ தனியாகப் பேசுங்கள். அவர்களுக்கு நேர அட்டவணை அழுத்தம் இருக்கிறது. அதைக் கேட்காமல் அறிவுரை மட்டும் சொன்னால் காதில் ஏறாது.

நன்றி சொல்லவும் மறக்காதீர்கள். 2010இல் ஸ்டொக்ஹோமில் வேக எல்லைக்குள் போனவர்களைக் கமெரா படம் பிடித்துப் பரிசுக் குலுக்கலில் சேர்த்துப் பார்த்தார்கள். சராசரி 32 கி.மீ.யிலிருந்து 25க்கு இறங்கியது. மூன்று நாள் சோதனைதான், ஆனாலும் யோசிக்க வைக்கிறது. நமக்குக் குலுக்கல் வேண்டாம். மெதுவாகப் போகும் பஸ்ஸுக்குப் பிள்ளைகள் கானுக்கு அப்பால் பாதுகாப்பாக நின்று கை காட்டினாலே போதும். அடுத்த நாள் அந்தச் சாரதி அதே இடத்தில் பிள்ளைகளைத் தேடுவார்.

எப்போது செய்வது

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை ஓரளவு காய்ந்த காலம். முதல் அளவை முடித்து, அந்தப் பட்டியலோடு கடிதத்தை அக்டோபரிலேயே கொடுத்துவிடுங்கள். பாடசாலை விடுமுறையில் அளக்காதீர்கள், விடுமுறை நாள் வேகம் வேறு. பெப்ரவரியில் தொடர்ந்து இரண்டு நாள் வெயில் பார்த்துக் காலை பத்து மணிக்குப் பிறகு பெயின்ட் அடியுங்கள், அதற்கு முன் கார்பட்டில் பனி ஈரம் இருக்கும். ஒருவர் மேலே, ஒருவர் கீழே சிவப்புக் கொடியோடு நிற்க வேண்டும், பொலிஸ் ஒருவர் கூட இருக்க வேண்டும். மஞ்சு இறங்கத் தொடங்கினால் கோடு பாதியில் நின்றாலும் பரவாயில்லை, எல்லாரும் பாதையை விட்டு ஏறிவிடுங்கள்.

சித்திரை சீசன் வாகனங்கள் வரும் முன், அதே 50 மீட்டரில், அதே மலைப்படியில் உட்கார்ந்து, அதே நேரத்தில் மறுபடியும் 100 வாகனத்தை அளக்க வேண்டும். 85ஆவது எண் இறங்கியிருந்தால் அந்தத் தாளைக் கடிதத்தோடு சேர்த்து அடுத்த வளைவுக்காரர்களிடம் கொடுங்கள். இறங்கவில்லை என்றால் இடைவெளியையும், புல்லையும், மரக்கிளையையும் மறுபடியும் பாருங்கள். மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை. ஓகஸ்ட் மழைக்குப் பிறகு எந்தக் கோடு மங்கியது, எந்தக் குழாய் சாய்ந்தது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அந்தக் கொப்பியை கோயிலிலோ வாசகசாலையிலோ, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கும் இடத்தில் வைக்க வேண்டும்.